தெற்குச் சுவரில் வைத்த சோறு

குருவி பார்க்கிற ஆள் இல்லை நான். ஏற்காடு பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பைப், குழாய், ஆணி, பெயின்ட், பூட்டு, எலிப்பொறி என்று எது கேட்டாலும் எடுத்துத் தருவேன். கடைக்கு வெளியே அடுக்கி வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டிகளின் மேல் குருவிகள் எச்சம் போடும், நான் திட்டிக்கொண்டே கழுவுவேன். பறவைக்கும் எனக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். சேலத்திலிருந்து மலையேறி வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு காலங்காத்தால மரத்தை அண்ணாந்து பார்த்தபடி நடக்கிற டூரிஸ்ட்டுகளைக் கண்டால், இவர்களுக்கெல்லாம் வேறு பிழைப்பே இல்லையா என்று எரிச்சலாக வரும்.

அப்படிப்பட்டவனுக்கு வந்து வாய்த்த ஒரே மகள் குருவிப் பைத்தியம். சேலத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தாள். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் அம்மா செய்து வைத்த பலகாரத்தைக்கூடத் தொடாமல் கொல்லைப்புறம் ஓடுவாள். எங்கள் கொல்லை ஒன்றும் பெரிதில்லை. ஒரு பட்டர் ஃப்ரூட் மரம், துணி காயப்போடும் கம்பி, அதற்கப்பால் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டின் காபித் தோட்டம் சரிவில் இறங்குகிறது. அங்கே சில்வர் ஓக் மரங்கள் மிளகுக் கொடியைச் சுமந்துகொண்டு வரிசையாக நிற்கும்.

ஒரு லீவில் கடைக்கு வந்து, பம்ப் செட் வந்து இறங்கிய பேக்கிங் பலகையைக் கேட்டாள். எதற்கு என்றேன். குருவிக்கு வீடு கட்டப் போகிறாளாம். சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் திறந்து மூடுகிற மாதிரி ஒரு சின்னக் கதவு வேண்டும் என்று கீலும் வாங்கிக்கொண்டாள். பலகையில் வட்டமாக ஓட்டை போடும் பிளேடை மட்டும் அவளே தேடி எடுத்தாள்.

"ஏப்பா, ஓட்டை நாப்பத்தஞ்சு மில்லிதாங்கப்பா இருக்கோணும். அதுக்கு மேல போச்சுன்னா மைனா பூந்துரும்."

"பூந்தா பூந்துட்டுப் போகுது. அதுவும் குருவிதான கண்ணு?"

"மைனா ரௌடிங்கப்பா. முட்டையத் தூக்கி வெளிய போட்டுட்டு அது குடி வந்துரும். நான் வெக்கறது குண்டுக்கரிச்சானுக்கு."

குண்டுக்கரிச்சான் எது என்று அப்போது எனக்குத் தெரியாது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில் ஒரு வெள்ளைக் கோடு, வாலை எப்போதும் தூக்கி வைத்துக்கொண்டு திமிராக உட்காரும் என்று அவளே நடந்து காட்டினாள். பழைய நிழல் மரங்களில் பொந்து இருந்ததாம். இப்போது எஸ்டேட்டுகளில் எங்கே பார்த்தாலும் சில்வர் ஓக். அதையும் வருடா வருடம் கிளை கழித்துவிடுகிறார்கள், பொந்து விழ வழியில்லை, குருவிக்கு இருக்க இடமில்லை என்றாள். நானும் சில்வர் ஓக்கைத் தினமும் பார்க்கிறவன்தான். ஒரு நாளும் அதில் பொந்து இருக்கிறதா என்று பார்த்ததில்லை.

பெட்டியைப் பட்டர் ஃப்ரூட் மரத்தில் கட்டினாள். அந்தக் கோடையில் ஒரு குருவியும் வரவில்லை. அடுத்த கோடையிலும் வரவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "டூ லெட் போர்டு ஒண்ணு எழுதி மாட்டிரட்டுமா சாமி?" என்று போனில் சீண்டுவேன். அவளும் விடமாட்டாள். விடுதியிலிருந்து கூப்பிடும்போதெல்லாம், எங்களை நல்லாயிருக்கிறீர்களா என்று கேட்பதற்கு முன்னால், "ஏப்பா, யாராச்சும் வந்தாங்களா?" என்பாள். ஏதோ விருந்தாளி வரப்போகிற வீடு மாதிரி. "ஒருத்தரும் வரலீங்க அம்மணி" என்பேன்.

போன சித்திரையில் விடுதியிலிருந்து வேறு போன் வந்தது. காய்ச்சல் என்றார்கள். நாங்கள் சேலத்துக்கு இறங்கினோம். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிறகு ஆம்புலன்ஸ் முன்னால் போக, நாங்கள் பின்னால் காரில் மலையேறினோம். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பு இல்லை.

காரியம் முடிந்து உறவெல்லாம் கலைந்த பிறகு, என் மனைவி தினமும் மத்தியானம் கொல்லைச் சுவரில் சோறு வைக்க ஆரம்பித்தாள். இறந்தவர்கள் காக்கையாக வந்து சாப்பிடுவார்கள் என்பது ஊர் உலகத்தில் இருக்கிற நம்பிக்கைதான். அமாவாசைக்கு வைப்பார்கள், திதிக்கு வைப்பார்கள். இவள் தினமும் வைத்தாள். முதல் நாளே ஒரு அண்டங்காக்கை வந்தது. அதற்கு ஒரு கால் கோணல், உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் இருக்க, அது முதலில் அப்பளத்தைக் கொத்தி எடுத்தது.

"பாத்தீங்களா? அப்பளத்ததான் மொதல்ல எடுக்குது. என்ற புள்ளைங்க அது" என்றாள். அப்போதுதான் அவள் அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அழாதவள்.

காக்கை என்றால் அப்பளத்தை எடுக்காமல் ரசத்தையா குடிக்கும்? என் வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவள் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து அந்தக் கோணல் கால் காக்கை வந்து வாய் வைத்தால்தான் அவள் சாப்பிடுவாள். மழை பெய்து காக்கை தாமதமானால் சாயங்காலம்வரை வாசற்படியில் உட்கார்ந்து "வா கண்ணு, வா சாமி" என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். வராத நாளில் பட்டினிதான். இளைத்துப் போனாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சீப்பில் வருவதைச் சுருட்டிச் சுவரோரம் போட்டுவிடுவாள். நானும் டாக்டரிடம் கூட்டிப் போனேன், மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், நேரத்துக்குச் சாப்பிடு என்று கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாகவும் இருந்தது. அவளுக்குத் தினம் மத்தியானம் மகள் வந்து போனாள். எனக்கு அதுவும் இல்லை.

இந்த வருடம் பூ மழை நன்றாக விழுந்தது. காபிச் செடிகள் ஒரே வெள்ளையாகப் பூத்து, கொல்லைக் கதவைத் திறந்தால் மூச்சு முட்டுகிற வாசனை. அப்படி ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டு நின்றவன் காதில் ஒரு பாட்டு விழுந்தது. பட்டர் ஃப்ரூட் மரத்தின் உச்சியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று, வாலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஊரே தன்னுடையது மாதிரி பாடிக்கொண்டிருந்தது. கீழே இன்னொன்று, கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறமாக இருந்தது, வாயில் வேர் மாதிரி ஏதோ வைத்துக்கொண்டு பெட்டிக்குள் நுழைந்தது. அது பெண் என்று எனக்குத் தானாகவே புரிந்தது.

நான் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் உள்ளே ஓடிப் போய் போனை எடுத்தேன். எடுத்த பிறகுதான் யாரைக் கூப்பிடப் போகிறோம் என்று நினைவு வந்தது. வந்துவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. நுரை வழிய நடு வீட்டில் நின்று அழுதேன்.

அன்றிலிருந்து எனக்கும் பைத்தியம் பிடித்தது. கோடை சீசன் வரப்போகிறது, லாட்ஜுக்காரர்கள் எல்லாம் குழாய் மாற்றவும் பெயின்ட் அடிக்கவும் கடைக்கு வருகிற நேரம். நான் பத்து மணிக்கு மேல்தான் கடையைத் திறந்தேன். பஜாரில் கேட்டவர்களிடம் ஸ்டாக் எடுத்தேன் என்று புளுகினேன். உண்மையில் கொல்லையில் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்து, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெட்டியில் குஞ்சு பொரித்துப் பறந்துவிட்டால் போதும், மகள் ஆசைப்பட்ட ஒன்றாவது நடந்ததாக இருக்கும். வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மைனாக்களால் தொல்லை வந்தது அப்போதுதான். சுவரில் வைக்கிற சோற்றுக்காக அவை முன்பிருந்தே வந்துகொண்டுதான் இருந்தன, நான்தான் கவனித்ததில்லை. காக்கை சாப்பிட்டுவிட்டுப் போனதும் மிச்சத்தைத் தின்னும். தின்று முடித்து மரத்தில் உட்கார்ந்து அலகைத் துடைத்துக்கொண்டபோது ஒரு ஜோடியின் கண்ணில் பெட்டி பட்டுவிட்டது. மகள் அளந்து போட்ட ஓட்டையை அதற்குள் அணில் கடித்துக் கடித்துப் பெரிதாக்கி வைத்திருந்தது. ஒரு மைனா பாதி உடம்பை உள்ளே விட்டு எட்டிப் பார்த்தது. குண்டுக்கரிச்சான் ஆண் பாய்ந்து வந்து மோதியது. பாட்டுப் பாடுகிற தொண்டையிலிருந்து அப்படி ஒரு கொடூரமான சத்தம் வரும் என்று நான் நினைக்கவில்லை. மூன்றும் கட்டிப் புரண்டு தரையில் விழுந்தன. நான் துணி காயப்போடும் கழியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அதற்கப்புறம் கழியும் கையுமாகத்தான் இருந்தேன். மத்தியானச் சோறு வைக்கிற நேரத்தில் கடையை விட்டுவிட்டு வந்து நின்றேன். மைனா தலை தெரிந்தால் கழியைச் சுழற்றுவேன், தகர டப்பாவைத் தட்டுவேன். மைனா போனது. அதோடு காக்கையும் போனது. அது எனக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர் குடிக்கச் சமையல் கட்டுக்குப் போனவன், சோற்றுக் குண்டானைத் திறந்து பார்த்தேன். நான் சாப்பிட்டதுபோக அப்படியே இருந்தது. முந்தின நாள் சோறும் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தபடி இருந்தது.

"நீ சாப்பிடலையா?"

"காக்கா வரலீங்க."

"எப்ப இருந்து?"

அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பயமும் கோபமும் சேர்ந்து வந்தது. எனக்கு எப்போதும் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"நீ சோத்த வெக்கறதாலதான் மைனா வருது. மைனா வந்தா குருவி போயிரும்."

"குருவி போனா இன்னொரு மரத்துக்குப் போவுது. என்ற புள்ளைக்கு வேற ஊடு இருக்குதுங்களா?"

"அந்தப் பொட்டிய யாரு செஞ்சா? உம்புள்ளதான செஞ்சா?"

"பொட்டி செஞ்சவளுக்குப் பசிக்குதுங்க. நீங்க பொட்டியப் பாத்துட்டு உக்காந்திருக்கறீங்க. அவ வந்து வந்து உங்க கழியப் பாத்துப் பயந்துட்டுப் போறா."

"அது காக்கா" என்று கத்தினேன். "வெறும் காக்கா. கால் கோணக் காக்கா. உம்புள்ள இல்ல."

ஒரு வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. கொல்லைக்குப் போய்ச் சுவரில் காய்ந்து கிடந்த சோற்றை வழித்து எடுத்து, புதிதாகச் சோறு வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

மறுநாள் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. கழியால் இந்தச் சிக்கல் தீராது என்று புரிந்தது. ஓட்டையைச் சிறிதாக்கினால் மைனா நுழைய முடியாது, நான் கழியோடு நிற்க வேண்டாம், காக்கையும் வரும். வாஷ்பேசின் குழாய் சுவருக்குள் போகிற இடத்தை மறைக்க ஒரு வட்டத் தகடு வரும், நடுவில் ஓட்டையோடு. ஸ்கேலை வைத்து அளந்து, மகள் சொன்ன அளவுக்குக் கிட்டத்தட்ட வருகிற ஒன்றைத் தேடி எடுத்தேன். அரத்தால் ஓரத்தை வழவழவென்று ராவினேன். பாத்ரூம் தகட்டைக் கொண்டுபோய்க் குருவி வீட்டுக்கு நிலைவாசல் வைக்கிறவன் இந்த மலையிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பெண் குருவி இரை தேடப் போன நேரம் பார்த்து ஏணியைப் போட்டு ஏறினேன். திருகாணியை முடுக்கிவிட்டு, கை சும்மா இருக்காமல், பக்கத்துக் கதவை லேசாகத் திறந்து பார்த்தேன். வேரும் சருகுமாக ஒரு கிண்ணம். அதற்குள் பச்சையும் நீலமுமான வெளிர் நிறத்தில், பழுப்புப் புள்ளி தெளித்த முட்டைகள். முட்டைகளைச் சுற்றி மெத்தை மாதிரி வளையம் வளையமாக நீள முடி சுற்றியிருந்தது. கறுப்பும் நரையும் கலந்த முடி.

இறங்கிப் போய் மனைவியிடம் சொன்னேன். சண்டைக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. அவள் நம்பவில்லை. நான் ஏணியைப் பிடித்துக்கொள்ள, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளே ஏறிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, என்ற முடிங்க இது. என்ற முடிமேல வெச்சிருக்குதுங்க."

"இறங்கு, தாய்க் குருவி வந்துரும்."

இறங்கினாள். பெண் குருவி புதுத் தகட்டைப் பார்த்து மிரண்டது. கிளைக்கும் பெட்டிக்குமாகப் பறந்து தவித்தது. முட்டை ஆறிப்போய்விடுமே என்று பதறினேன். பெரிய கெட்டிக்காரன் மாதிரி கையை வைத்துக் காரியத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று என்னையே திட்டிக்கொண்டேன். நாங்கள் இரண்டு பேரும் கொல்லைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அது தலையை உள்ளே விட்டது, எடுத்தது, மறுபடி விட்டது, நுழைந்துவிட்டது. என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் அவளாகவே சோற்றைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். "கீழ வெச்சா அதுக்கு உபத்திரவமா இருக்குதுங்க. அவளுக்கு மாடி தெரியாதா என்ன, வருவா" என்று மட்டும் சொன்னாள். அன்று காக்கை வரவில்லை. அவள் பட்டினி கிடந்தாள். நானும் கூடவே கிடந்தேன். அடுத்த நாள் தண்ணீர்த் தொட்டி மேல் அந்தக் கோணல் கால் வந்து உட்கார்ந்தபோது, அவளைவிட நான்தான் பெரிதாக மூச்சு விட்டேன்.

குஞ்சு பொரித்தது. கடையில் ஆள் நிற்கும்போது போன் அடிக்கும். "ஏனுங்க, வாய இம்புட்டுப் பெருசாத் தொறக்குதுங்க." இன்னொரு தடவை, "ஏனுங்க, மைனா வந்துச்சு, தகட்டக் கொத்திப் பாத்துட்டுப் போயிருச்சு." மைனாவுக்கு அவள் கொடுத்த வசவுகளை இங்கே எழுத முடியாது. ஒரு வருடமாக வாயைத் திறக்காதவள் குஞ்சுக்கு எத்தனை புழு வந்தது, எது பெரியது, எது சவலை என்று பேசிக்கொண்டே இருந்தாள். காலையில் பால்காரரிடம்கூடச் சொன்னாள். அந்த நாட்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் இருந்தோம்.

வருஷத் திதி வந்தது. சேலத்திலிருந்து உறவுக்காரர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். என் மனைவியின் அண்ணன்தான் எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னால் நிற்கிறவர். நல்ல மனுஷர், அதில் சந்தேகமில்லை. மகளைத் தூக்கி வளர்த்தவர். வந்ததும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, படையல் எங்கே போடுவது என்று கேட்டார். மாடியில் என்றேன்.

"மாடியிலயா? பித்ருக்கு வெக்கறது தெக்குப் பக்கம் வெக்கோணும் மாப்ள. உங்க ஊட்டுக்குக் கொல்லைதான தெக்கு? தண்ணித் தொட்டிகிட்டயா கொண்டுபோய் எல போடுவாங்க?"

"குஞ்சு இன்னைக்கோ நாளைக்கோ வெளிய வந்துரும் மச்சான். கீழ வெச்சா காக்கா எல்லாம் கூடிரும். குஞ்சுக்குப் பறக்கத் தெரியாது."

"எந்தக் குஞ்சு?"

சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்தில் இல்லை, வருத்தத்தில். "குருவிக் குஞ்சுக்கோசரம் புள்ளைக்குச் செய்யறத மாத்தச் சொல்றீங்களே மாப்ள. வருசத்துக்கு ஒருக்கா அவளுக்கு நாம செய்யறது இது ஒண்ணுதானுங்களே" என்றார். கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கரண்டியோடு நின்றாள்.

"அண்ணன் சொல்றாப்டியே வெச்சரலாங்க" என்றாள். "ஒரு பொழுதுதானுங்களே. நீங்க மரத்துக்கிட்ட நின்னு பாத்துக்குங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. சரி என்றேன்.

அன்றைக்குப் பார்த்துத்தான் குஞ்சுகள் வெளியே வந்தன. முதலாவது தகட்டின் ஓரத்தில் உட்கார்ந்து உலகத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுவரைத் தாண்டிக் காபிச் செடிக்குள் போய் விழுந்தது. அடுத்ததும் தட்டுத் தடுமாறி அதே வழியில் போனது. தாயும் தகப்பனும் செடிக்குள்ளிருந்து கூப்பிட்டன. சவலையாக இருந்த கடைசிக் குஞ்சு குட்டை வாலோடு எழும்பியது, சுவர்வரைக்கும்தான் வந்தது. சுவரில் மோதி அடியில் விழுந்து, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. நான் அதை எடுத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் விடலாம் என்று குனியப் போனேன்.

"மாப்ள, வாங்க. சூடம் காட்டோணும். தகப்பன் கைதான் காட்டோணும்" என்றார் மச்சான்.

சுவரின் மறு கோடியில் இலை போட்டாயிற்று. சோறு, வடை, பாயசம், அப்பளம், அவளுக்குப் பிடித்த எல்லாம். நான் போனேன். சூடத்தைக் காட்டினேன், இலையைச் சுற்றித் தண்ணீர் விட்டேன். மகளுடைய படத்துக்கு முன்னால் கும்பிட்டபோது வேறு எதுவும் ஞாபகத்தில் இல்லை. பிறகு எல்லோரும் வாசற்படிவரை பின்வாங்கி நின்றார்கள். பக்கத்தில் ஆள் நின்றால் காக்கை வராது. என்னையும் கையைப் பிடித்துப் பின்னால் கூட்டிப் போனார்கள். "கா, கா" என்று மச்சான் கூப்பிட்டார். என் மனைவி, "வா கண்ணு" என்றாள்.

வந்தது. கோணல் காலைச் சாய்த்துச் சுவரில் உட்கார்ந்தது. "வந்துருச்சு, வந்துருச்சு" என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு அத்தை அழ ஆரம்பித்தாள். காக்கை இலையைப் பார்த்தது. "எடுத்துக்க சாமி. எல்லாம் உனக்குத்தான்" என்றாள் என் மனைவி. அது தலையைத் திருப்பிச் சுவரின் அடியைப் பார்த்தது. சுவரின் மேலேயே தத்தித் தத்தி நகர்ந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. ஓடக் காலெடுத்தேன். மச்சான் என் தோளை அமுக்கிப் பிடித்தார். "போவாதீங்க மாப்ள, பயந்துட்டுப் போயிரும்" என்றார். ஆண் குருவி அந்தக் கொடூரமான சத்தத்தோடு காக்கையின் தலைமேல் பாய்ந்தது. காக்கை கீழே குதித்தது, எழும்பியது. அதன் அலகில் குஞ்சு இருந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கு மேலாகப் பறந்து போனது. குருவிகள் இரண்டும் கத்திக்கொண்டே பின்னால் போயின.

"எடுத்துருச்சு" என்றார் மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வடையத்தான எடுத்துச்சு? திருப்தியா எடுத்துட்டுப் போறா." எல்லோரும் ஆமாம் என்றார்கள். அதற்குள் வேறு காக்கைகள் வந்து இலையைக் கலைத்துச் சாப்பிட்டன. பந்தி போடலாம் என்று உள்ளே போனார்கள். யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் கண்ணுக்கு அது வடைதான். பார்த்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

வந்தவர்கள் எல்லாம் சாப்பிட்டு எழுந்து கூடத்தில் சாய்ந்துகொண்ட பிறகு, சமையல் கட்டில் நாங்கள் தனியாக இருந்தோம். அவள் பாத்திரத்தை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"அது வேற காக்கா" என்றேன். "நம்ம காக்கா இன்னைக்கு வரல. கூட்டத்தப் பாத்துப் பயந்திருக்கும்."

"கால் கோணக் காக்காதானுங்க. நானும் பாத்தேன்."

"அதுக்கும் ஊட்டுல குஞ்சு இருக்குமில்ல? பசின்னா அது என்ன பண்ணும்?" காக்கைக்காக நான் இப்படி வக்காலத்து வாங்குவேன் என்று யார் கண்டது.

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அவ அப்படிச் செய்யமாட்டாங்க. அவ கட்டுன ஊட்டுல பொறந்தத அவளே எடுப்பாளா? நீங்க அன்னைக்குச் சொன்னது நெசந்தானுங்க. அது வெறும் காக்கா."

"நான் கோவத்துல சொன்னது."

"அப்ப இத்தன நாளும் யாருக்குங்க நான் சோறு வெச்சேன்?" என்றாள். அழவில்லை, விசாரிக்கிற குரலில்தான் கேட்டாள். "அவ எங்கீங்க இருக்கறா?"

பிறகு ஒரு இலையைக் கழுவிப் போட்டு உட்கார்ந்து, தானே சோற்றைப் போட்டுக்கொண்டு, குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். கொல்லைக் கதவு திறந்துதான் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பவில்லை. இரண்டாம் தடவையும் சோறு வாங்கிக்கொண்டாள்.

அவள் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்றுதான் ஒரு வருடமாக நான் கெஞ்சினேன். இப்போது தினமும் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். யாரையும் கூப்பிடுவதில்லை, யாருக்காகவும் காத்திருப்பதில்லை. உடம்பும் தேறி வருகிறது. அவள் எதிரே உட்கார்ந்து அதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. மத்தியானச் சோற்றைக் கேரியரில் போட்டுக் கொடுத்துவிடு, கடையில் வேலை அதிகம் என்று சொல்லிவிட்டேன்.